வானத்துக்கு ஓர் அடங்கல்

வேடியப்பனுக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று சொன்னால் அது அவரைக் குறைத்து மதிப்பிடுவது. மூக்கு நுனியில் இருந்தால் தும்மும்போதாவது விழுந்து தொலைக்கும். காபியில் சர்க்கரை ஜாஸ்தியானால் கோபம், கம்மியானால் கோபம், சரியாக இருந்துவிட்டால் 'நேத்து ஏன் இப்படிப் போடல?' என்று கோபம். அந்த மனிதரோடு பதினேழு வருஷம் குடித்தனம் செய்ததற்கே அவர் மனைவி கன்னியம்மாளுக்கு யாராவது பொன்னாடை போர்த்தியிருக்க வேண்டும். ஆனால் ஒன்று. அந்தக் கோபத்தில் பாதியாவது நியாயமான கோபம். அதையும் சொல்லாமல் விடக் கூடாது.

அவர் கிராம நிர்வாக அலுவலர். கர்ணம் மணியக்காரர்களை எடுத்துவிட்டுப் பரீட்சை வைத்து ஆள் சேர்த்தார்களே, அந்தக் கூட்டத்தில் வேலைக்கு வந்தவர். திருவண்ணாமலைக்கு வடக்கே, வேங்கிக்காலைத் தாண்டி ஒரு சின்ன ஊர் அவர் பொறுப்பு. மாதா மாதம் ஒவ்வொரு வயலையும் நேரில் நடந்து பார்த்து, எந்தப் புல எண்ணில் என்ன பயிர் நிற்கிறது என்று எழுத வேண்டும். அந்தப் பதிவேட்டுக்கு அடங்கல் என்று பெயர். பார்க்கப் போகிற நடைக்கு நவாபு காலத்திலிருந்தே அஜ்மாயிஷ் என்று பெயர். வெயிலில் நடக்கச் சோம்பல்படுகிறவர்கள் எந்த வேலையிலும் உண்டு, இதிலும் உண்டு. மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து, போன மாதப் பக்கத்தைப் பார்த்து வரிக்கு வரி 'மேற்படி, மேற்படி' என்று இழுத்துவிட்டால் வேலை முடிந்தது. வயல் வந்து சாட்சி சொல்லப் போகிறதா என்ன?

அந்தச் சொல்லைப் பார்த்தாலே வேடியப்பனுக்கு உடம்பெல்லாம் எரியும்.

“கண்ணால பாக்காம எழுதறதுக்கு இன்னாய்யா பேரு? மேற்படியா? பொய்யிய்யா அது, பொய்!”

எண்பத்தொன்பதில் வட ஆற்காட்டைப் பிரித்துத் திருவண்ணாமலையைத் தனி மாவட்டமாக்கினார்கள். கலெக்டர் ஆபீஸ் வருகிறது என்ற பேச்சிலேயே சுற்று வட்டாரத்தில் நிலத்துக்குக் கிராக்கி ஏறிவிட்டது. நாற்று நட்ட வயலில் மனைக்கல் நட்டார்கள். பக்கத்து ஊர் நிர்வாக அலுவலர் கோதண்டராமன். வேடியப்பனோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர், நல்ல மனிதர், நடக்க மட்டும் ஆகாது. அந்த வருஷக் கணக்குத் தணிக்கையில் அவருடைய அடங்கலில் மூன்று ஏக்கருக்கு 'நெல், மேற்படி' என்று இருந்தது. அங்கே வீடே எழும்பி, புதுமனை புகுவிழாவுக்கு வேடியப்பன் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்திருந்தார். ஆய்வுக்கு வந்த அதிகாரி முன்னால் எழுந்து நின்று கத்தினார்.

“அது நெல்லு இல்லீங்க, மாடி வீடு! கோதண்டராமன் சாருக்கு மாடி வீடு கதிர் வுட்டுச்சா?”

எல்லோரும் சிரித்தார்கள். கோதண்டராமனும் சிரித்தார். நாகரிகமாகப் பேசத் தெரியவில்லை என்று விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. யாருக்கு? வேடியப்பனுக்கு! ஊர் உலகத்தில் நடக்காததா என்று விட்டுவிடுகிற ஆளா அவர்? மூன்று நாள் சோறு இறங்கவில்லை. எவனும் கல் நட முடியாத ஒரு நிலம் இந்த உலகத்தில் உண்டா என்று கன்னியம்மாளிடம் கேட்டார். “சுடுகாடு” என்றாள் அவள். அதிலும் நட்டுவிட்டான்கள் என்றார் இவர்.

அந்த மாதம்தான், தொலைநோக்கிக் கண்ணாடி தேய்க்கக் கற்றுத் தருகிறோம் என்று சென்னையில் பத்து நாள் பயிற்சி இருப்பதாகப் பேப்பரில் பார்த்தார். ஈட்டிய விடுப்பை எடுத்துக்கொண்டு போனார். எட்டு அங்குல வட்டக் கண்ணாடியை நான்கு மாதம் பொடி போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் குழித்தார். அதன் மேல் அலுமினியப் பூச்சுக்குப் பெங்களூர் அனுப்பினார். தகரக் குழாயைப் பாத்திரக் கடைக்காரர் அடித்துக் கொடுத்தார். தாங்குகிற பெட்டியை மாமரப் பலகையில் தானே அறைந்தார். மொட்டை மாடியில் நின்ற அந்தக் கருவியைப் பார்த்து, வெல்லம் காய்ச்சப் போகிறாரா என்று ஊரில் கேட்டார்கள்.

நிலாவையும் சனிக்கிரகத்தையும் நாலு நாள் பார்த்தார். அவருக்குப் பிடித்தது நட்சத்திர மண்டலங்கள்தான். கோடிக்கணக்கான சூரியன்கள் ஒன்றாகக் கூடி நிற்கிற ஊர்கள் அவை. நம் சூரியன் இருக்கிற பால்வெளியும் அப்படி ஓர் ஊர்தான். மற்றவை எட்டாத தூரத்தில், ஈரத் துணியால் துடைத்த கறை மாதிரி மங்கலாகத் தெரியும். நேராக முறைத்துப் பார்த்தால் மறைந்துவிடும், கொஞ்சம் ஓரக்கண்ணால் பார்த்தால்தான் பிடிபடும். வானியல்காரர்கள் இவற்றை உருவம் பார்த்து வகை பிரித்திருக்கிறார்கள் என்று படித்தபோது வேடியப்பன் துள்ளிக் குதித்தார். வகைப்பாடு அவர் தொழில் அல்லவா!

சுருள் மண்டலம் என்றால் கைகள் சுழன்று நிற்கும். அதில் வாயுவும் தூசியும் மிச்சமிருக்கும், இன்னும் புது நட்சத்திரம் பிறக்கும். அதற்கு 'நஞ்சை' என்று பேர் வைத்தார். முட்டை வடிவ மண்டலத்தில் எல்லாம் பழைய, சிவந்த நட்சத்திரங்கள். ஈரம் வற்றிவிட்டது, புதுசாக விளைச்சல் இல்லை. அது 'தரிசு'. இரண்டுக்கும் நடுவில், தட்டு இருந்தும் கை இல்லாதது 'புஞ்சை'. எந்த ஒழுங்குக்கும் கட்டுப்படாமல் பிய்ந்து கிடப்பது 'புறம்போக்கு'. நீளமான கணக்குப் பேரேடு ஒன்று வாங்கி, நூற்று எண்பது மண்டலங்களுக்குப் புல எண் போட்டார். அமாவாசையை ஒட்டி ஒவ்வொரு மாதமும் அஜ்மாயிஷ்! அந்த மாதம் வானத்தில் தெரிகிற மண்டலங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, பக்கத்தில் என்னென்ன நட்சத்திரம், புதிதாக ஏதாவது புள்ளி முளைத்திருக்கிறதா என்று எழுதுவார். தூரத்து மண்டலத்தில் ஒரு பெரிய நட்சத்திரம் வெடித்தால் சில வாரம் அது தனிப் புள்ளியாகத் தெரியும். அதைப் பிடிக்க வேண்டுமென்றால் முந்தி அங்கே என்ன இருந்தது என்று ஒருவன் எழுதி வைத்திருக்க வேண்டும்.

அந்த எழுத்தில்தான் மனிதர் நெருப்பு. 'புத்தகத்தில் சுருள் என்கிறான். எனக்குக் கை தெரியவில்லை. தெரியவில்லை.' 'மேகம். பார்க்கவில்லை.' 'கொசு. கை நடுங்கியது. நம்ப வேண்டாம்.' 'புல எண் 64 மலைக்குப் பின்னால் போய்விட்டது.' பார்க்காத ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதினார். பெங்களூரில் ஓர் ஆராய்ச்சி நிலையம் இப்படிப் பார்க்கிறவர்களிடமிருந்து குறிப்புகள் கேட்டு அறிவிப்புப் போட்டிருந்தது. மாதா மாதம் அதற்குச் சுருக்கமாக ஒரு கார்டு அனுப்பினார். ஒன்பது வருஷம் அனுப்பினார். ஒரு பதில் வரவில்லை. அதற்கும் ஒரு தனிக் கோபம் வளர்த்தார்.

ஊர்க்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டியதும் உண்டு. நம் ஊர்ச் சனத்துக்கு வரிசையில் நின்று பழக்கம். குனிந்தார்கள், இரண்டு விநாடி பார்த்தார்கள், கன்னத்தில் போட்டுக்கொண்டு நகர்ந்தார்கள். “ஒண்ணும் தெரியலீங்களே” என்று ஒருவர் சொன்னதற்கு, “தெரியலன்னா எதுக்குய்யா கன்னத்துல போட்டுக்கினே?” என்று அடிக்கப் போய்விட்டார். அதற்குப் பிறகு யாரும் மாடி ஏறவில்லை.

தொண்ணூற்றொன்பது ஆயுத பூஜை. தூசு தட்டுவதற்காகக் கண்ணாடியைக் குழாயிலிருந்து கழற்றி, பஞ்சு விரித்த தகரப் பெட்டியில் வைத்திருந்தார். காலையில் தேர்தல் வேலை சம்பந்தமாக ஏதோ தாள்களை ஒப்படைக்க டவுனுக்குப் போனார். மறுநாள் சாயங்காலம்தான் திரும்புவதாக இருந்தது. வீட்டில் கன்னியம்மாள் பூஜைக்கு எல்லாவற்றையும் கழுவித் துடைத்து வரிசை வைத்தாள். அரிவாள்மனை, சைக்கிள், தையல் மிஷின், அவர் பேனா, முத்திரைக் கட்டை. எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தாகிவிட்டது. கண்ணாடி நினைவுக்கு வந்தது. அவர் உயிரையே வைத்திருக்கிற சாமான், அதை விட்டுவிட்டால் நன்றாயிருக்குமா? பெட்டியைத் திறந்து, மூன்று விரலால் விபூதிப் பட்டை இழுத்து, நட்ட நடுவில் சந்தனமும் குங்குமமும் வைத்துக் கற்பூரம் காட்டினாள்.

மறுநாள் பூஜை எடுத்த பிறகு பார்த்தால் கறை போகவில்லை. அவர் வருவதற்குள் பளபளப்பாக்கிவிட வேண்டுமென்று குத்துவிளக்குத் தேய்க்கிற மாதிரி புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தாள். நன்றாகத்தான் தேய்த்தாள். பூச்சு முழுக்க உரிந்து வந்துவிட்டது. வேடியப்பன் பெட்டியைத் திறந்தபோது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பஞ்சு தெரிந்தது.

கத்தினார் பாருங்கள், அந்தத் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது.

“புளி போட்டுத் தேய்ச்சியாடி? இது இன்னா, உங்கப்பன் ஊட்டுக் குடமா?”

“நல்லது நெனச்சுத்தான் செஞ்சேன்” என்றாள்.  அன்றையிலிருந்து பேச்சு நின்றது. சாப்பாட்டுத் தட்டு வரும், போகும், அவ்வளவுதான். கண்ணாடி மறுபடி பூச்சுக்குப் பெங்களூர் போனது. தீபாவளி அமாவாசைக்குத் திரும்பவில்லை.

தீபாவளிக்கு மறுநாள் மேசையில் பேரேட்டை விரித்து உட்கார்ந்தார். அந்த மாதத்துக்கு நாற்பத்தொரு மண்டலங்கள். 'கண்ணாடி இல்லை. பார்க்கவில்லை' என்று எழுத வேண்டியதுதானே? ஏன் இல்லை என்று காரணம் எழுத வேண்டுமே! ஒன்பது வருஷமாகக் காரணம் எழுதாமல் ஒரு வரி விட்டதில்லை. என்னவென்று எழுதுவது? மனைவி கண்ணாடிக்குப் பொட்டு வைத்தாள் என்றா? பெங்களூரில் படித்தவன்கள் விழுந்து விழுந்து சிரிக்க மாட்டான்களா? கோபம் ஒரு பக்கம், வெட்கம் ஒரு பக்கம். மூன்றரைக் கோடி ஒளி ஆண்டு தூரத்தில் இருக்கிறது ஒரு மாதத்தில் எங்கே ஓடிவிடப் போகிறது? எவன் படிக்கிறான் இதை? பேனாவை எடுத்தார். தேதி போட்டார். நாற்பத்தொரு வரிக்கும் எழுதினார்.

மேற்படி. மேற்படி. மேற்படி.

கார்டையும் தபாலில் போட்டார். பூச்சுப் போட்ட கண்ணாடி அடுத்த வாரம் வந்தது.

டிசம்பரில் பெங்களூர் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. தாலுகா ஆபீஸ் மாதாந்திரக் கூட்டத்தில் எல்லோரும் இருக்கும்போது தபால்காரர் கொண்டுவந்து கொடுத்தார், ஆங்கிலத்தில். கோதண்டராமன்தான் தோளுக்கு மேலாக எட்டிப் படித்து உரக்கச் சொன்னார். வேடியப்பன் புல எண் 27 என்று குறித்திருந்த சுருள் மண்டலத்தில் ஒரு நட்சத்திரம் வெடித்திருக்கிறது. வெளிநாட்டுத் தொலைநோக்கி ஒன்று அதைக் கண்டது, வேடியப்பன் பார்த்ததாக எழுதிய தேதிக்கு நான்கு நாள் கழித்து. அந்தத் தேதியில் அங்கே புதிதாக ஒன்றும் இல்லை என்று அவர் கார்டு சொல்கிறது. அப்படியானால் வெடிப்பு அந்த நான்கு நாளுக்குள் நடந்திருக்க வேண்டும். உலகத்தில் வேறு யாரும் அந்த வாரம் அந்த இடத்தைப் பார்க்கவில்லை. ஆராய்ச்சிக் கட்டுரையில் அவர் பெயர் போடப்படும். பேரேட்டைப் பார்க்க நேரில் வருகிறேன். கையெழுத்து, அருணாதேவி.

“அடேயப்பா! நம்ம வேடியப்பன் பேரு ஒலகத்துக்கே போவுதுய்யா!” கோதண்டராமன் கட்டிப் பிடித்தார். பொறாமை என்பது துளியும் இல்லை. தன் செலவில் மைசூர்பாகு வாங்கி எல்லோருக்கும் கொடுத்தார். பத்து வருஷம் பின்னால் சிரித்தவர்கள் எழுந்து கை கொடுத்தார்கள். வேடியப்பனும் ஒரு துண்டை வாயில் போட்டார். அது கரையாமல் கிடந்தது. இப்போதே சொல்லிவிடு என்று உள்ளே ஒருவன் கத்தினான். சொல்லவில்லை. பத்து நாள் சொல்லவில்லை. பெயர் ஆசை யாரை விட்டது?

அருணாதேவி ஒரு சனிக்கிழமை காலை பஸ்ஸில் வந்து இறங்கினாள். முப்பது வயது இருக்கும், வேலூர்ப் பெண். கன்னியம்மாள் காபி கொண்டுவந்து வைத்தாள். அருணாதேவி பேரேட்டை மடியில் வைத்து முதல் பக்கத்திலிருந்து புரட்டினாள். நஞ்சை, தரிசு, புறம்போக்கைப் பார்த்துச் சிரித்தாள், கேலியாக இல்லை. 'கொசு. நம்ப வேண்டாம்' வந்த இடத்தில் நிறுத்தினாள்.

“சார், இத்தன வருஷமா உங்களுக்கு ஒரு பதில்கூடப் போடல நாங்க. என்னை மன்னிச்சிடுங்க. இவ்ளோ நேர்மையா ஒருத்தர் குறிப்பு எழுதி நான் பாத்ததே இல்ல. இந்த ஒன்பது வருஷமுமே எங்களுக்கு வேணும் சார். நூத்தி எண்பது கேலக்சிக்கு மாசா மாசம் யாருகிட்ட இருக்கு?”

அந்தப் பாராட்டைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

“நிறுத்தும்மா! நேர்மையாம் நேர்மை! அந்த மாசம் நான் பாக்கல.”

அருணாதேவிக்கு முதலில் புரியவில்லை. அவர் பக்கத்தைப் புரட்டி விரலால் குத்திக் காட்டினார்.

“கண்ணாடியே ஊட்ல இல்ல. பெங்களூர்ல இருந்துச்சு. உக்காந்த எடத்துல எழுதினேன். நாப்பத்தோரு வரியும் பொய்.”

அவள் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். காபி ஆறி ஆடை படிந்தது. பிறகு மெதுவாகச் சொன்னாள்.

“சொன்னதுக்கு நன்றி சார். கட்டுரை இன்னும் அச்சுக்குப் போகல. உங்க குறிப்ப எடுத்துடறேன்.”

“எடுத்துடு. மீதி வருஷத்த எடுத்துக்கினு போ. அதெல்லாம் சத்தியமா கண்ணால பாத்தது.”

அவள் பேரேட்டை மூடி மேசைமேல் வைத்தாள். கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை.

“நான் நம்பறேன் சார். ஆனா ஆராய்ச்சிக்கு எடுத்துக்க முடியாது. எந்த வரி பாத்தது, எந்த வரி பாக்காததுன்னு எழுத்த வெச்சு இனிமே யாராலயும் சொல்ல முடியாது.”

 அவள் இடத்தில் அவர் இருந்திருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பார், இன்னும் பத்து மடங்கு சத்தமாக. பஸ் நிறுத்தம் வரை கூடப் போய் ஏற்றிவிட்டு வந்தார். ஒன்பது வருஷத்து அமாவாசையும், பனியும், கழுத்து வலியும் ஒரு டம்ளர் காபி ஆறுகிற நேரத்தில் வீணாய்ப் போயின.

வீட்டுக்குள் நுழைந்ததும் கண்ணில் பட்டது கன்னியம்மாள். இரண்டு மாதமாக அடக்கி வைத்ததெல்லாம் அவள் மேல் பாய்ந்தது.

“எல்லாம் உன்னாலடி! உன் ஒரு பொட்டால என் ஒம்போது வருஷம் போச்சு!”

பதினேழு வருஷம் எதிர்த்துப் பேசாதவள் கரண்டியைத் தரையில் எறிந்தாள்.

“ஆமா, பொட்டு வெச்சது நான்தான். புளி போட்டுத் தேய்ச்சதும் நான்தான். தெருவே கேக்கத் திட்டினீங்க, வாங்கிக்கினேன். ஊருக்கெல்லாம் கண்ணால பாரு கண்ணால பாருன்னு சொன்னீங்களே, மேற்படின்னு எழுதினது எந்தக் கை? எங்கையா?”

வேடியப்பன் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அடித்த வெயிலில் எதிர்த் தெருக் கூரைத் தகரம் கண்ணைக் கூச வைத்தது. கோபம் வரும், எப்போதும் போல வந்து தன்னைக் காப்பாற்றும் என்று காத்திருந்தார். வந்தது, ஆனால் திசை மாறி வந்தது. கத்த ஆள் இல்லாத கோபம் எவ்வளவு கனம் என்று அன்றுதான் தெரிந்தது அவருக்கு.

எழுந்து போய்ப் பேரேட்டை விரித்தார். சிவப்பு மைப் பேனாவால் முதல் வரியை அடித்தார். மேலே எழுதினார்: 'மனைவி கண்ணாடிக்குப் பொட்டு வைத்ததால் பார்க்கவில்லை.' எழுதிவிட்டு நிமிர்ந்தார். பின்னால் கன்னியம்மாள் நின்று படித்துக்கொண்டிருந்தாள்.

“சரிதான். பாக்காததுக்குக் காரணம் அது. பொய் எழுதினதுக்குக் காரணம் எங்க?” என்றாள். “அதயும் எழுதுங்க.”

பேனா கொஞ்ச நேரம் தாளின் மேலேயே நின்றது. மை ஊறி ஒரு பொட்டு விழுந்தது. பிறகு எழுதினார். 'என் வெட்கத்தை மறைக்கப் பொய் எழுதினேன். வேடியப்பன்.'

கீழே இன்னும் நாற்பது வரி இருந்தது. ஒவ்வொன்றாக அடித்தார். ஒவ்வொன்றிலும் அந்த இரண்டு வாக்கியத்தையும் முழுசாக எழுதினார். கன்னியம்மாள் நகராமல் நின்று கடைசி வரி வரைக்கும் பார்த்தாள்.